வட்டாரத் திட்டமிடல் முகமை என்ன செய்கிறது? கென்டக்கியின் கிராமக் கவுண்டிகளை வைத்துச் சில கேள்விகள்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் சின்ன மேசை போட்டு மனு எழுதித் தருபவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் எந்த செக்‌ஷனுக்கு எந்தத் தாள் வேண்டும், எந்த வார்த்தை இல்லாவிட்டால் மனு திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்கக் கிராமப்புறங்களில் இயங்கும் வட்டாரத் திட்டமிடல் முகமைகளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் அவர்தான் ஞாபகம் வருவார். நாடு முழுக்க இத்தகைய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் பொதுவாகப் பேசினால் ஒன்றுமே புரியாது என்பதால் கென்டக்கி மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டமா?

வரைபடத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் கவுண்டிக்குக் கலெக்டர் கிடையாது. மேலிருந்து யாரையும் நியமிப்பதில்லை. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடத்துகிறார்கள். கென்டக்கியில் கவுண்டித் தலைவருக்கு 'ஜட்ஜ்-எக்ஸிக்யூட்டிவ்' என்று பெயர். அவர் நீதிபதி அல்ல. 1970களின் நீதித்துறைச் சீர்திருத்தத்தோடு தீர்ப்பு சொல்லும் வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் தலைமையில் கூடும் கவுண்டி மன்றத்தின் பெயர் 'ஃபிஸ்கல் கோர்ட்'. அதுவும் கோர்ட் இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

அளவிலும் நம் மாவட்டத்தோடு ஒப்பிட முடியாது. சுமார் 45 லட்சம் மக்கள் வாழும் கென்டக்கியில் 120 கவுண்டிகள். லூயிவில் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 7.8 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் ராபர்ட்சன் கவுண்டியில் இருந்தவர்கள் 2,193 பேர். கிழக்கு மலைப்பகுதியின் ஆவ்ஸ்லி கவுண்டியில் 4,051 பேர். நம் பக்கம் ஒரு நடுத்தர ஊராட்சியே ராபர்ட்சனைவிடப் பெரிது. ஆனால் அந்த 2,193 பேருக்கும் தனி மன்றம், தனி ஷெரிஃப், தனி வரவுசெலவு உண்டு. குதிரையில் கிளம்பி கவுண்டித் தலைநகருக்குப் போய் ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டும் என்று அந்தக் காலத்தில் இப்படிப் பிரித்தார்கள் என்பார்கள்.

இவ்வளவு சிறிய கவுண்டிக்குப் பொறியாளரோ திட்ட அலுவலரோ வரைபட வல்லுநரோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு கவுண்டிகள் சேர்ந்து ஆள் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனைதான் வட்டார முகமை.

கென்டக்கியில் அது எந்த வடிவில் இருக்கிறது?

மாநிலம் 15 வட்டார வளர்ச்சி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.டி. என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய இவற்றுக்கு 1972இல் மாநிலச் சட்டம் உறுதியான அடித்தளம் கொடுத்தது. ஹசார்ட் நகரில் இருக்கும் கென்டக்கி ரிவர் முகமையின் கீழ் பிரெத்திட், நாட், லீ, லெஸ்லி, லெட்சர், ஆவ்ஸ்லி, பெரி, வுல்ஃப் என்ற எட்டுக் கவுண்டிகள். பிரெஸ்டன்ஸ்பர்க்கை மையமாகக் கொண்ட பிக் சாண்டி முகமைக்கு ஐந்து. லெக்சிங்டனைச் சுற்றியுள்ள புளூகிராஸ் முகமைக்குப் பதினேழு.

நிர்வாகக் குழுவில் கவுண்டித் தலைவர்களும் மேயர்களும் பொதுமக்கள் சார்பில் சிலரும் உட்காருவார்கள். அவர்கள் ஒரு நிர்வாக இயக்குநரை அமர்த்துவார்கள். அலுவலர்கள் அவருக்குக் கீழே. அதாவது இந்த முகமைக்கு முதலாளிகள் மாநிலத் தலைநகரில் இல்லை, உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.

1960களில் ஏன் திடீரென்று இப்படி ஒரு ஏற்பாடு?

நிலக்கரியால்தான். கிழக்குக் கென்டக்கி உட்படப் பல மாநிலங்களில் நீளும் அப்பலாச்சிய மலைகளில் சுரங்கங்களுக்கு இயந்திரம் வந்ததும் வேலை சுருங்கியது. லட்சக்கணக்கானவர்கள் வடக்கே தொழில் நகரங்களுக்குக் கிளம்பினார்கள். 1960இல் மேற்கு வர்ஜீனியாவில் வாக்குக் கேட்டுப் போன கென்னடி அந்த வறுமையை நேரில் பார்த்தார். ஜனாதிபதியான பிறகு 1963இல் ஒரு குழு அமைத்தார். அவருக்குப் பின் ஜனாதிபதியான ஜான்சன் 1964 ஏப்ரலில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் ஐனஸ் என்ற ஊருக்கு வந்து, ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். வறுமைக்கு எதிரான போர் என்ற அவருடைய முழக்கத்தின் அடையாளமாகவே அந்தப் படம் நின்றுவிட்டது. 1965 மார்ச் 9 அன்று அப்பலாச்சிய வட்டார வளர்ச்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் வழியாக வந்த அப்பலாச்சிய ஆணையம் இன்று 13 மாநிலங்களில் 423 கவுண்டிகளைக் கவனிக்கிறது. பொருளாதார வளர்ச்சி நிர்வாகம் என்ற ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) துறைக்கான சட்டமும் அதே ஆண்டில்தான்.

பணம் தர வாஷிங்டன் தயார், யாரிடம் கொடுப்பது? நூற்றுக்கணக்கான குட்டிக் கவுண்டிகளோடு தனித்தனியாகக் கடிதப் போக்குவரத்து நடத்த ஃபெடரல் அரசுக்கு விருப்பமில்லை. நடுவில் ஒரு வட்டார அமைப்பு வேண்டும் என்றது. அடுத்து 1969இல் ஒரு சுற்றறிக்கை வந்தது: உள்ளூர் அமைப்புகள் பல ஃபெடரல் மானியங்களுக்கு விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பம் வட்டார முகமையின் பார்வைக்குப் போய் அதன் கருத்தோடு வர வேண்டும். முகமைகளுக்குக் கொஞ்சம் மரியாதை கூடிய காலம் அது. 1982இல் ரீகன் ஆட்சி அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. வாசற்காவலர் வேலை போனதும் பல முகமைகள் சேவை செய்து பிழைக்க ஆரம்பித்தன. இன்றைக்கு நாம் பார்க்கும் குணம் அப்போது படிந்ததுதான் என்பது என் கணிப்பு.

இது உத்தரவு போட முடியுமா?

முடியாது. வரி விதிக்க முடியாது. இன்ன இடத்தில் தொழிற்சாலை, இன்ன இடத்தில் வீடு என்று நிலத்தைப் பிரிக்க முடியாது. கிழக்குக் கென்டக்கியின் பல கவுண்டிகளில் அப்படிப்பட்ட நிலப் பயன்பாட்டு விதியே கிடையாது. முகமை போட்ட திட்டத்தை ஒரு கவுண்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது. 'திட்டமிடல்' என்ற சொல் தரும் கம்பீரத்தைக் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் இந்தப் பெயரைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

ஒரு குடிநீர்க் குழாயை வைத்துச் சொன்னால் விளங்கும். மலை இடுக்கில், ஓடைக் கரையோரமாக நாற்பது வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் துருவும் கந்தக வாடையும். பிரதானக் குழாய் நான்கு மைல் தள்ளி நிற்கிறது. ஆட்கள் கவுண்டித் தலைவரிடம் வந்து சண்டை போடுகிறார்கள். அவர் முகமைக்குப் போன் செய்கிறார்.

முதல் வேலை, மாநிலத்தின் குடிநீர்த் தகவல் பதிவில் இந்தத் திட்டத்தை ஏற்றுவது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு குடிநீர் மேலாண்மைக் குழு உண்டு. குழாய்கள், தொட்டிகள், பம்புகள் எல்லாம் வரைபடத்தில் இருக்கும். அதைப் புதுப்பித்து வைப்பது முகமை ஆள். எந்தத் திட்டம் முந்தி, எது பிந்தி என்று அந்தக் குழு வரிசைப்படுத்தும். பதிவில் இல்லாத திட்டத்துக்கு மாநிலத்தின் கடனோ மானியமோ கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது பணம். நான்கு மைல் மலைக்குழாய்க்கு ஒரே இடத்தில் முழுப்பணமும் வாங்கிவிட முடியாது. அப்பலாச்சிய ஆணையத்திடம் கொஞ்சம், சமூக மேம்பாட்டு மானியத்தில் கொஞ்சம், ஃபெடரல் வேளாண்துறையின் ஊரகக் கடனில் மீதி என்று ஒட்டுப்போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் கெடு. சமூக மேம்பாட்டு மானியத்தைப் பெரும்பாலும் இந்த வழியில்தான் வாங்க முடியும்: பயனடைவோரில் குறைந்தது 51 சதவீதம் பேர் குறைந்த அல்லது நடுத்தர வருமானக்காரர்கள் என்று காட்ட வேண்டும். நாற்பது வீட்டுக்கென்று கணக்கெடுப்பில் தனிப் புள்ளிவிவரம் இருக்காது. ஆகவே யாராவது படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் "உங்கள் வருமானம் இந்தத் தொகைக்கு மேலா, கீழா?" என்று கேட்க வேண்டும். கதவைத் திறப்பார்களா, நாயை அவிழ்த்து விடுவார்களா என்பது போகிறவரின் முகராசியைப் பொறுத்தது. உள்ளூர்க்காரர் போனால் நடக்கும். வாஷிங்டனில் இருந்து யாரும் வந்து செய்யப்போவதில்லை.

அப்பலாச்சிய ஆணையத்தின் கணக்கு வேறு மாதிரி. வேலையின்மை, தனிநபர் வருமானம், வறுமை விகிதம் மூன்றையும் வைத்து ஆண்டுதோறும் கவுண்டிகளைத் தரம் பிரிப்பார்கள். நாட்டின் கடைசிப் பத்து சதவீதத்தில் விழும் கவுண்டி 'நலிந்தது'. அங்கே திட்டச் செலவில் 80 சதவீதம் வரை ஆணையத்தின் பங்கு இருக்கலாம். அதற்கு மேல்படியில் 70, அதற்கும் மேல் 50, பிறகு 30. கவுண்டி கொஞ்சம் தலைதூக்கினால் சொந்தப் பங்கு கூடிவிடும். தரம் உயர்ந்ததைக் கேட்டு ஒரு கவுண்டித் தலைவர் வருத்தப்பட்டால் ஆச்சரியப்படக் கூடாது.

பணம் உறுதியானதும் முடிந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் பரிசீலனை, தோண்டும் இடத்தில் தொல்பொருள், பழைய கல்லறை ஏதும் உண்டா என்ற கேள்வி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், டெண்டர், தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த கூலி போகிறதா என்று வாராவாரம் சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பது, செலவுக்கேற்பப் பணத்தைத் தவணை தவணையாக எடுப்பது, கடைசியில் கணக்கை முடித்துத் தணிக்கைக்குக் கொடுப்பது. இதில் ஒரு தாள் தவறினாலும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். குழாயில் தண்ணீர் வரச் சில வருடங்கள் ஆகும். ரிப்பன் வெட்டும் படத்தில் அரசியல்வாதிகள் இருப்பார்கள். படிவத்தோடு வீடு வீடாக ஏறியவர் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

திட்டமிடும் அலுவலகத்தில் முதியோர் சாப்பாட்டுக் கணக்கு எப்படி வந்தது?

அதுவும் 1965இல் தொடங்கிய கதைதான். அந்த ஆண்டின் முதியோர் சட்டத்தை 1973இல் திருத்தி, ஒவ்வொரு வட்டாரத்திலும் முதியோர் சேவைக்கு ஒரு பொறுப்பு அமைப்பு வேண்டும் என்றார்கள். புதிதாக ஒன்றை உருவாக்குவானேன், ஏற்கெனவே இருக்கும் முகமையிடம் கொடுத்துவிடலாம் என்று கென்டக்கி முடிவு செய்தது. ஆக, 15 முகமைகளும் முதியோர் முகமைகளாகவும் இருக்கின்றன. அறுபது வயது கடந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே உணவு, வீட்டு வேலைக்கு உதவி, பராமரிக்கும் குடும்பத்தினருக்கு ஆதரவு என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் நேரடியாகச் சமைப்பதில்லை. உள்ளூர் அமைப்புகளுக்கு ஒப்பந்தம் கொடுத்து மேற்பார்வை பார்ப்பார்கள்.

வட்டாரத்து மக்களில் பலருக்கு முகமையைத் தெரிந்திருந்தால் அது இந்தச் சாப்பாட்டுப் பெட்டி வழியாகத்தான். வட்டார வளர்ச்சி உத்தி என்ற தடித்த அறிக்கையை யார் படித்தார்கள்?

அந்தத் தடித்த அறிக்கைக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, படிப்பதற்காக அல்ல. பொருளாதார வளர்ச்சி நிர்வாகத்திடம் மானியம் கேட்க வேண்டுமானால், குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த வட்டார உத்தி கையில் இருக்க வேண்டும். கேட்கும் திட்டம் அதோடு பொருந்த வேண்டும். அதனாலேயே எந்தத் திட்டமும் வெளியே போய்விடாதபடி எல்லாவற்றையும் உள்ளே போட்டு எழுதும் பழக்கம் உண்டு. சுற்றுலா, இணையம், தொழிற்பேட்டை, திறன் பயிற்சி என எதுவும் விடுபடாது. எல்லாமே முன்னுரிமை என்றால் முன்னுரிமைக்கு என்ன பொருள்? நல்ல முகமை என்றால் எழுதும் சாக்கில் எட்டுக் கவுண்டித் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, "இந்த வருடம் உனக்கு, அடுத்த வருடம் எனக்கு" என்று பேசவைத்துவிடும். அந்தப் பேச்சு அறிக்கையில் இருக்காது.

சாலைகளில் இதற்குப் பங்கு உண்டா?

கருத்துச் சொல்லும் பங்கு. ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்பகுதிக்குத் தனிப் போக்குவரத்துத் திட்ட அமைப்பு வேண்டும் என்பது ஃபெடரல் விதி. கிராமப்புறத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கென்டக்கியில் முகமைகள் ஒரு போக்குவரத்துக் குழுவைக் கூட்டி, ஆபத்தான வளைவு, ஒடுங்கிய பாலம் என்று தேவைகளை வரிசைப்படுத்தி மாநிலத்துக்கு அனுப்பும். கடைசி முடிவு நெடுஞ்சாலைத் துறையிலும் சட்டமன்றத்திலும்.

2022 வெள்ளத்தின்போது இவர்கள் எங்கே இருந்தார்கள்?

வெள்ளத்துக்குள். அந்த ஜூலை மாதக் கடைசியில் பிரெத்திட், நாட், லெட்சர், பெரி கவுண்டிகளில் ஓடைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறின. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நான்கும் கென்டக்கி ரிவர் முகமையின் கவுண்டிகள்.

மீட்புப் பணி இவர்களுடையது அல்ல. இவர்கள் வேலை அதற்கு முன்னும் பின்னும். 2000ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஒப்புதல் பெற்ற ஆபத்துத் தணிப்புத் திட்டம் இல்லாத உள்ளாட்சிக்கு ஃபெடரல் தணிப்பு மானியம் கிடையாது. பல கவுண்டிகளுக்குச் சேர்த்து அதைத் தயாரிப்பது பெரும்பாலும் வட்டார முகமை. மழை இல்லாத நாளில் அது வெறும் காகிதம். வெள்ளம் வடிந்த மறுநாள் அதுவே நுழைவுச் சீட்டு.

பின்னால் வருவது வீடு வாங்கும் திட்டம். அடிக்கடி மூழ்கும் வீட்டை மானியத்தில் விலைக்கு வாங்கி இடித்துவிடுவார்கள். அந்த நிலத்தில் இனி எப்போதும் வீடு கட்டக் கூடாது, திறந்தவெளியாகவே கிடக்க வேண்டும். உயிர் மிஞ்சும், நல்லதுதான். ஆனால் வரி தரும் நிலம் குறைகிறது. சமதளமே அபூர்வமான மலைப்பகுதியில் போக்கிடம் ஏது? மாநில அரசு மேட்டுநிலங்களில், பழைய சுரங்கத்தால் தட்டையான இடங்கள் உட்பட, புதுக் குடியிருப்புகள் அமைக்க ஆரம்பித்தது; ஹசார்டுக்கு அருகிலுள்ள ஸ்கைவியூ அவற்றில் ஒன்று. நான்கு தலைமுறையாக ஓடைக்கரையில் இருந்தவரிடம் மேட்டுக்குப் போகச் சொல்வது எந்தப் படிவத்திலும் அடங்காத வேலை.

இவ்வளவு இருந்தும் மார்ட்டின் கவுண்டியில் ஏன் தண்ணீர் சரியில்லை?

நியாயமான கேள்வி. ஜான்சன் வந்துபோன அதே கவுண்டி. 2000 அக்டோபரில் அங்கே ஒரு நிலக்கரிக் கழிவுத் தேக்கத்தின் அடித்தளம் உடைந்து, ஏறத்தாழ 30 கோடி கேலன் கருஞ்சேறு ஓடைகளில் இறங்கியது. அதற்கப்புறமும் குடிநீர் அமைப்பு தேறவில்லை. சுத்திகரித்து அனுப்பிய நீரில் பாதிக்கு மேல் ஓட்டைக் குழாய்களில் கசிந்து போன காலம் உண்டு. குழாயில் பழுப்பு நீர் வந்தது, கட்டணமும் ஏறியது.

முகமையால் என்ன செய்ய முடியும்? மானியம் தேடித் தரலாம். தேடித் தந்தும் இருக்கிறது. ஆனால் குடிநீர் வாரியம் தனி அமைப்பு. கட்டணத்தை முடிவு செய்வது மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையம். அன்றாடப் பராமரிப்புக்கு மானியம் வராது, புதுக் கட்டுமானத்துக்குத்தான் வரும். நிலக்கரி ஓயவே வாடிக்கையாளர் குறைந்தார்கள், நிலக்கரி வரியில் வந்த பங்கும் குறைந்தது. மனு எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும், கிடைத்த பம்புக்கு மாதாமாதம் எண்ணெய் போட ஆள் வேண்டுமே.

முகமைக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

பல கைகள். பொருளாதார வளர்ச்சி நிர்வாகமும் அப்பலாச்சிய ஆணையமும் திட்டமிடலுக்கென்று ஒரு தொகை தருகின்றன. மாநிலம் தருகிறது. உறுப்பினர் கவுண்டிகளும் ஊர்களும் சந்தா கட்டுகின்றன. மானியத் திட்டங்களை நிர்வகித்தால் அதில் ஒரு கட்டணம் வரும்.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சங்கடம். திறந்திருக்கும் திட்டத்துக்கு மனு எழுதினால் வருமானம். மூடியிருப்பதைக் கேட்டு ஊர்க்காரர் வந்தால் வெறும் ஆறுதல். இணையத்துக்குப் பணம் வரும் வருடத்தில் எல்லாக் கவுண்டிக்கும் இணையமே தலையாய பிரச்சினையாகத் தெரியும். முகமையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சோறு போடுகிறவன் சொல்கிற பாட்டைத்தான் பாட வேண்டியிருக்கிறது.

பணம் நின்றுபோகும் பயமும் உண்டு. 2017இல் டிரம்ப் நிர்வாகம் தன் பட்ஜெட் முன்மொழிவில் அப்பலாச்சிய ஆணையத்தையும் பொருளாதார வளர்ச்சி நிர்வாகத்தையும் முற்றாக எடுத்துவிடச் சொன்னது. அதே கட்சியைச் சேர்ந்த கென்டக்கி பிரதிநிதி ஹால் ராஜர்ஸ் உட்படப் பலர் எதிர்த்தார்கள். நாடாளுமன்றம் இரண்டையும் காப்பாற்றியது.

சாதாரண ஆள் இதைக் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். நிர்வாகக் குழுக் கூட்டங்கள் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆவணங்களையும் கேட்டு வாங்கலாம். பிரச்சினை, யாரும் போவதில்லை என்பது. முகமைத் தலைவரை மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுண்டித் தலைவருக்கோ அது பத்து வேலைகளில் பதினொன்றாவது. 2014இல் மாநிலத் தணிக்கையாளர் புளூகிராஸ் முகமையின் செலவுகளைப் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பியபோதுதான் இப்படி ஓர் அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியவந்தது.

மற்ற மாநிலங்களிலும் இதே பெயரா?

இல்லை. டெக்சாஸில் அரசுகளின் மன்றம், 24. ஜார்ஜியாவில் வட்டார ஆணையம், 12. வர்ஜீனியாவில் திட்ட மாவட்ட ஆணையம். டென்னசியில் வளர்ச்சி மாவட்டம், 9. பெயரும் சேவைப் பட்டியலும் மாறும்; உத்தரவு போட முடியாத நிலை பெரும்பாலும் மாறாது.

திட்டமிடல் படிக்க அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளுக்கு இங்கே கற்க ஏதும் உண்டா?

வகுப்பில் அதிகம் பேசுவது பெருநகரம், மெட்ரோ, அடுக்குமாடி. முடிந்தால் ஒரு கோடை விடுமுறையை இத்தகைய முகமையில் கழியுங்கள். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸை நம்பி ஓடைக்கரை வீடுகளுக்குப் போக முடியாது. மலை இடுக்குகளில் போன் சிக்னல் நின்றுவிடும், வழியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வருமானக் கணக்கெடுப்புக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.